நடுவானில் திணறிய ஸ்பிட்ஃபயர் என்ஜின்: ஓட்டை போட்ட ஒரு வாஷர் காப்பாற்றியது எப்படி?

இரண்டாம் உலகப்போர். 1940-ல் பிரிட்டன் வான்வெளியில் ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் பிஎஃப் 109 விமானத்தை ஸ்பிட்ஃபயர் துரத்துகிறது. மாட்டிக்கொண்ட ஜெர்மன் பைலட் ஸ்டிக்கை முன்னால் தள்ளி, மூக்கு குப்புற நேராகக் கீழே பாய்கிறார். பின்னாலேயே அதேபோல் பாயும் ஸ்பிட்ஃபயரின் என்ஜின் இருமுகிறது, கரும்புகை கக்குகிறது, சில நேரம் நின்றே போகிறது. எதிரி தப்பிவிடுகிறார். துரத்தப்படுவது ஸ்பிட்ஃபயராக இருந்தாலோ, பைலட் உயிருக்கே ஆபத்து.

எவ்வளவு பெயர் வாங்கிய விமானம்! அதற்கு ஏன் இந்த நிலை?

சிக்கல் எங்கே?

ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் இரண்டிலும் இருந்தது ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லின் என்ஜின். 12 சிலிண்டர், 27 லிட்டர், ஆயிரம் குதிரைத்திறனுக்கு மேல். ஆனால் பெட்ரோல் போனது கார்புரேட்டர் வழியாக. பழைய பைக் வைத்திருப்பவர்களுக்கு இது புரியும். ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸ் டிபி 601 என்ஜினிலோ, பெட்ரோலை நேரடியாக சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் முறை.

கார்புரேட்டருக்குள் ஒரு சின்னத் தொட்டி, அதில் ஒரு மிதவை. நம் வீட்டு ஃப்ளஷ் டேங்க்கில் தண்ணீர் நிரம்பியதும் பந்து மேலே வந்து குழாயை அடைக்கிறதே, அதே கதைதான். ராட்டினம் மேலிருந்து இறங்கும்போது வயிறு தூக்கிப்போடும் இல்லையா? விமானம் திடீரென மூக்கைத் தாழ்த்தினால் பெட்ரோலுக்கும் அதுதான் நடக்கும். பெட்ரோல் தொட்டியின் மேல்பக்கம் ஒட்டிக்கொள்ள, என்ஜின் ஒரு கணம் பட்டினி.

அதைவிட மோசம் அடுத்தது. மிதவை நிலை தடுமாறி வால்வை முழுசாகத் திறந்துவிடும். பம்ப் தள்ளும் மொத்த பெட்ரோலும் உள்ளே கொட்டி, என்ஜின் மூச்சுத்திணறும். அந்தக் கரும்புகை இதனால்தான்.

இதைச் சமாளிக்க, பைலட்கள் விமானத்தை முதலில் தலைகீழாகப் புரட்டி, அப்புறம் டைவ் அடித்தார்கள். அப்படிச் செய்தால் பெட்ரோல் தொட்டியின் அடியிலேயே இருக்கும். ஆனால் அந்த ஒன்றிரண்டு நொடி போதும், எதிரி தூரம் போய்விட.

கார்புரேட்டரை வைத்தது முட்டாள்தனம் என்று சொல்லிவிடவும் முடியாது. பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளே போகும் காற்றைக் குளிர்விக்கும்; அதனால் சக்தி கூடும். ரோல்ஸ்-ராய்ஸ் போட்ட கணக்கு அது.

யார் இந்த ஷில்லிங்?

விடை கண்டுபிடித்தவர் பீட்ரிஸ் ஷில்லிங். ஃபார்ன்பரோவில் இருந்த ராயல் ஏர்கிராஃப்ட் எஸ்டாபிளிஷ்மென்ட்டின் பொறியாளர். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயரிங் படித்தவர். ப்ரூக்லேண்ட்ஸ் ரேஸ் டிராக்கில் நார்ட்டன் பைக்கை மணிக்கு 100 மைலுக்கு மேல் ஓட்டி 'கோல்டு ஸ்டார்' வாங்கியவரும் இவர்தான்.

அவர் செய்தது இதுதான்: நடுவில் சிறு துளை உள்ள ஒரு பித்தளைத் துண்டு. பெட்ரோல் வரும் வழியில் அதை மாட்டினால், என்ஜின் முழு வேகத்தில் குடிக்கும் அளவுக்கு மேல் ஒரு சொட்டும் போகாது. வால்வு திறந்தே கிடந்தாலும் வெள்ளம் வராது. பின்னாளில் இதுவே வெறும் தட்டை வாஷர் ஆனது. விமானத்தை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோகத் தேவையில்லை, விமானத்தளத்திலேயே மாட்டிவிடலாம். 1941 மார்ச்சில் இருந்து ஷில்லிங்கும் குழுவினரும் தளம் தளமாகப் போய் மாட்டினார்கள்.

பைலட்கள் வைத்த பெயர் 'மிஸ் ஷில்லிங்ஸ் ஆரிஃபிஸ்'. கொஞ்சம் இரட்டை அர்த்தக் கிண்டல்தான். அவருக்கு 1938-லேயே திருமணம் ஆகியிருந்தும் 'மிஸ்' ஒட்டிக்கொண்டது.

பிரிட்டன் போரை வென்றது இந்த வாஷரா?

சமூக ஊடகங்களில் அப்படிச் சுற்றுகிறது. ஆனால் தேதியைப் பாருங்கள். 'பேட்டில் ஆஃப் பிரிட்டன்' 1940 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. வாஷர் வந்தது அடுத்த ஆண்டு. 1940-ல் மெர்லினுக்கு உண்மையில் கைகொடுத்தது 100 ஆக்டேன் பெட்ரோல். அதனால் சூப்பர்சார்ஜர் அழுத்தத்தைக் கூட்டி, சுமார் 1,300 குதிரைத்திறன் வரை இழுக்க முடிந்தது.

வாஷரும் முழுத் தீர்வு இல்லை. தலைகீழாகவே தொடர்ந்து பறந்தால் என்ஜின் நிற்கத்தான் செய்யும். மிதவையே இல்லாத பெண்டிக்ஸ்-ஸ்ட்ராம்பெர்க் பிரஷர் கார்புரேட்டர் பின்னர் மெர்லின் 66 போன்ற என்ஜின்களில் வந்த பிறகே அந்தத் தொல்லை ஒழிந்தது.