பேட்ச்சுக்கு அடியில் ஒரு பெயர்

லினக்ஸ் கெர்னலுக்கு யார் பேட்ச் அனுப்பினாலும் அதன் அடியில் ‘சைன்டு-ஆஃப்-பை’ என்று போட்டு, பெயரும் மின்னஞ்சல் முகவரியும் எழுத வேண்டும். கிட்டில் கமிட் அடிக்கும்போது ‘மைனஸ் எஸ்’ சேர்த்தால் அதுவே போட்டுக்கொள்ளும். அதனாலோ என்னவோ, பலரும் இதை வெறும் சம்பிரதாயம் என்றே நினைக்கிறார்கள். இந்த வரி வந்த கதை கொஞ்சம் கோர்ட், கொஞ்சம் காமெடி.

2003 மார்ச்சில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த எஸ்.சி.ஓ. குரூப், ஐ.பி.எம். மீது 100 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. யூனிக்ஸ் எங்கள் சொத்து, அதை லினக்ஸுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள் என்பது புகார். லினக்ஸ் பயன்படுத்தும் கம்பெனிகளுக்கும் எச்சரிக்கைக் கடிதம் போனது.

ஆகஸ்டில் லாஸ் வேகாஸில் நடத்திய மாநாட்டில், ‘திருட்டு’க்கு ஆதாரம் என்று நிரல் வரிகளைத் திரையில் காட்டினார்கள். யாரும் படித்துவிடக் கூடாதே என்று ஒரு பகுதியைக் கிரேக்க எழுத்துருவில் போட்டிருந்தார்கள்! எழுத்துருவை மாற்றினால் தீர்ந்தது. காட்டிய இன்னொரு பகுதியை ப்ரூஸ் பெரென்ஸ் அலசிப் பார்த்துச் சொன்னார்: அது பெர்க்லி பாக்கெட் ஃபில்டர். யாரும் எடுத்தாளலாம் என்ற உரிமத்தோடு எப்போதோ வெளிவந்த சரக்கு.

டிசம்பரில் இன்னொரு பட்டியல். அதில் ‘சிடைப் டாட் எச்’ என்ற சின்னக் கோப்பும் இருந்தது. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ஆம் வருஷத்துப் பழைய கெர்னலைத் தோண்டி எடுத்து, இது நானே எழுதியது என்று காட்டினார். அதிலிருந்த மேக்ரோக்கள் அவ்வளவு அசிங்கமாக இருக்கும். வேறொருவர் உரிமை கொண்டாடியிராவிட்டால் ஒத்துக்கொண்டே இருக்க மாட்டேன் என்கிற தொனியில் எழுதினார். மோசமான நிரலே சாட்சியாக வந்து நின்ற விசித்திரம் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

ஆனால் எல்லா வரிக்கும் இப்படி நினைவிலிருந்து பதில் சொல்ல முடியுமா? கெர்னலுக்கு முதல் பத்து வருஷம் முறையான வெர்ஷன் கன்ட்ரோலே கிடையாது. ஆட்கள் மின்னஞ்சலில் பேட்ச் அனுப்புவார்கள், லினஸ் சேர்ப்பார், புதிய பதிப்பு வெளியாகும். பிட்கீப்பர் வந்ததே 2002-இல்தான். அதற்கு முந்தைய ஒரு வரி யாருடையது என்று கேட்டால் பழைய மடல்களைக் கிளற வேண்டியதுதான்.

2004 மே மாதம் லினஸ் ஒரு திட்டத்தை முன்வைத்தார். இதை நான் எழுதினேன், அல்லது பொருத்தமான உரிமம் உள்ள இடத்திலிருந்து எடுத்தேன், அல்லது இப்படி உறுதி சொன்ன இன்னொருவர் என்னிடம் தந்தார். இந்த மூன்றில் ஒன்றுக்குத்தான் அந்தக் கையெழுத்து. பேட்ச் யார் யார் கைமாறி மேலே போகிறதோ, ஒவ்வொருவரும் தன் வரியைச் சேர்க்க வேண்டும். பத்திரப்பதிவில் மூலப்பத்திரம் கேட்கிற மாதிரி, யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்று தெரிந்துவிடும்.

பொய் சொல்லிக் கையெழுத்துப் போடுகிறவரை இது தடுக்காது, வாஸ்தவம். ஆனால் நாளைக்குக் கேள்வி வந்தால் யாரைக் கேட்பது என்பதற்கு ஒரு பெயர் இருக்கிறது. குனு திட்டத்தின் இமாக்ஸ் போன்றவற்றில் பெரிய மாற்றம் தர, காப்புரிமையையே எழுதிக்கொடுக்க வேண்டும். வேலை பார்க்கும் கம்பெனியும் பல நேரம் ஒப்புதல் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். அதைப் பார்த்தே பாதிப் பேர் ஓடிவிடுவார்கள் என்பது என் அபிப்பிராயம். லினஸின் முறையில் காப்புரிமை எழுதியவரிடமே இருக்கும். ஒரு வரி போதும்.

எஸ்.சி.ஓ. 2007-இல் திவால் மனு கொடுத்தது. யூனிக்ஸ் காப்புரிமை நாவெல் நிறுவனத்துடையது என்று 2010-இல் ஜூரி சொல்லிவிட்டது. ஐ.பி.எம். வழக்கு மட்டும் இழுத்துக்கொண்டே போய், 2021-இல் 1.425 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. அதே 2021-இல்தான் குனுவின் ஜி.சி.சி. கம்பைலரும், பத்திரம் கட்டாயமில்லை, இந்த ஒரு வரியே போதும் என்று அறிவித்தது.