மேடைப் பேச்சைப் படமெடுக்கையில் ஒலிப்பதிவு: மண்டபக் கூட்டங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

நூல் வெளியீடு, நினைவுச் சொற்பொழிவு, கருத்தரங்கு எனத் தமிழில் நடக்கும் கூட்டங்கள் பலவும் இன்று காணொளியாகச் சேமிக்கப்படுகின்றன. படம் சற்று மங்கினாலும் பேச்சைத் தொடர்ந்து கேட்கலாம். ஒலி கெட்டால் பேச்சே போய்விடும். மைக் வாய்க்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதுதான் பதிவின் தரத்தை முதலில் தீர்மானிக்கிறது, கருவியின் விலை அதற்குப் பிறகே என்பது இக்கட்டுரையின் கருத்து.

2. தூரம்

தூரம் இருமடங்கானால் நேரடி ஒலி 6 டெசிபல் குறையும். வாயிலிருந்து 20 செ.மீ. தள்ளியிருக்கும் காலர் மைக்குக்கும் 10 மீட்டர் தள்ளியிருக்கும் கேமரா மைக்குக்கும் இடையே வேறுபாடு 34 டெசிபல். எதிரொலியோ மண்டபம் முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவில் நிறைந்திருக்கும். ஆகவே பின்வரிசைக் கேமராவில் பதிவது பெரும்பாலும் ஸ்பீக்கர் ஒலியும், சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் ஒலியும்தான். ல, ள, ழ வேறுபாடுகள் அதில் கரைந்துவிடுகின்றன. கேமராவின் தானியங்கி ஒலியளவு இன்னொரு கேட்டையும் செய்கிறது: பேச்சாளர் சற்று நிறுத்தினால் அது அளவை ஏற்ற, மின்விசிறி இரைச்சல் மேலெழுகிறது. நல்ல பேச்சாளரின் மௌனத்துக்குப் பொருள் உண்டு. அதைக் கெடுக்கும் அந்த வசதியை அணைத்துவிட வேண்டும்.

காலர் மைக் மார்பெலும்பின் மேற்பகுதியில், துணி உரசாத இடத்தில் அமைய வேண்டும். பட்டுச் சேலையின் மடிப்பும் கழுத்துச் சங்கிலியும் அதன் பகைவர்கள். சங்கிலி மைக்கில் மோதும் ‘டக்’ ஒலியைப் பின்னர் நீக்குவது மிகக் கடினம். போடியம் மைக்கை மட்டும் நம்பினால், பேச்சாளர் திரையைக் காட்டத் திரும்பும்போதெல்லாம் குரல் தேய்ந்துபோகும்.

3. மிக்சர் இணைப்பு

சவுண்ட் சர்வீஸ்காரரின் மிக்சரிலிருந்து நேரடியாக ஒலி எடுப்பது நல்ல வழி. ஆனால் அவர் அளவுகளை அமைப்பது மண்டபத்தில் இருப்பவர்களின் காதுக்காகவே, பதிவுக்காக அல்ல. மைக் இல்லாமல் சபையிலிருந்து எழும் கேள்வி அந்த இணைப்பில் வராது. கைதட்டலும் சிரிப்பும் மங்கலாகவே வரும். ஆகவே சபையை நோக்கி இன்னொரு மைக் அவசியம். மிக்சரின் வெளியீடு ஏறத்தாழ 1.2 வோல்ட் வரை இருக்கலாம். சில மில்லிவோல்ட்டை எதிர்பார்க்கும் மைக் உள்ளீட்டில் அதை அப்படியே செருகினால் ஒலி சிதையும். ‘லைன்’ உள்ளீடோ, அளவைக் குறைக்கும் ‘பேட்’ இணைப்போ வேண்டும்.

உச்ச அளவு –12 டெசிபலைச் சுற்றி நின்றால் போதும். திடீரென உயரும் குரலுக்கு இடம் இருக்கும். கூட்டம் முடியும்வரை ஒருவர் காதில் ஹெட்ஃபோன் இருக்கட்டும். மீட்டரில் முள் ஆடுவதை வைத்து ஒலி சுத்தமாக இருக்கிறது என்று முடிவுசெய்ய முடியாது. 50 ஹெர்ட்ஸ் மின் இரைச்சலுக்கும் அது ஆடும்.

4. இணைத்தல்

தனி ரெக்கார்டரில் 48 கிலோஹெர்ட்ஸில் பதியலாம். தொடக்கத்தில் கேமராவின் முன் ஒருமுறை கைதட்டினால் படத்தோடு பொருத்துவது எளிது. நீண்ட பேச்சில் இரு கருவிகளின் கடிகாரங்களும் மெல்ல விலகும். ஒரு மணி நேரத்தில் ஓரிரு பிரேம் வரை பிசகலாம். எனவே முடிவிலும் ஒரு கைதட்டல் தேவை. சபை மைக்கை மிக்சர் ஒலியோடு கலக்கும்போதும் கவனம் வேண்டும். வெப்பமான அறையில் ஒலி வினாடிக்குச் சுமார் 350 மீட்டர் செல்கிறது. 17 மீட்டர் பின்னால் உள்ள மைக்குக்கு அது ஏறத்தாழ 50 மில்லிவினாடி தாமதமாகச் சேரும். அந்த அளவுக்குச் சபை ஒலியை முன்னே நகர்த்தாவிட்டால் ஒவ்வொரு சொல்லும் இரட்டித்துக் கேட்கும்.