படபடக்கும் நெஞ்சம்: கண்டக்குழிக் கரையோரத்தின் நோய் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

மனித உடலின் இயக்கங்களுள் இருதயத்துடிப்பைப் போல் இடையறாது நிகழ்ந்தும் உணரப்படாது அமைவது பிறிதொன்றில்லை எனலாம். ஓய்ந்திருக்கும் வளர்ந்தோர் ஒருவரின் இருதயம் நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை வரை துடிக்கின்றது. அதனை அவர் அறிவதில்லை. அத்துடிப்பு விரைந்தோ தடுமாறியோ உணர்வுக்குப் புலப்படுகின்ற கணத்திலேயே 'நெஞ்சு படபடக்கிறது' என்ற முறைப்பாடு தோன்றுகின்றது. அச்சம், ஆசை, ஓட்டம், காய்ச்சல், சோகை, விடம், இருதயக் கோளாறு ஆகிய யாவற்றுக்கும் தமிழ் வழக்கில் இவ்வொரு சொல்லே போதுமானதாயிருக்கின்றது. நோயாளியையும் வைத்தியரையும் ஒருங்கே மயங்கவைப்பதும் இதுவே. ஒரே அறிகுறிக்குக் காலந்தோறும் வெவ்வேறு காரணம் கூறப்பட்டமையையும், ஒரு காலத்தில் வழக்கிலிருந்த விளக்கம் அக்காலத்திலேயே நிலவிய வேறு காரணங்களை மறைத்தமையையும் ஒரு கரையோரத்தின் வரலாற்றினூடாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கற்பிட்டிக் குடாநாடு மேற்கே கடலாலும் கிழக்கே புத்தளம் களப்பாலும் சூழப்பட்ட மணற்பாங்கான நிலப்பரப்பு. அதன் கடற்புறத்தே அமைந்த மீனவக் கிராமம் கண்டக்குழி. இலங்கைத் தமிழ்ப் புலமை வரலாற்றில் இடம்பெற்ற சைமன் காசிச்செட்டி 1807 ஆம் ஆண்டு பிறந்தது இதே கற்பிட்டியில் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. ஒல்லாந்தர் 1667 இல் இங்கு கோட்டை கட்டத் தொடங்கினர். 1795 இல் அது பிரித்தானியர் வசமாயிற்று. கோட்டையும் படையும் வந்த இடத்துக்கு அவற்றுக்குரிய நோய்களும் வருவது இயல்பு.

அந்நோய்களுள் முதலில் நோக்கத்தக்கது 'பெரிபெரி'. 'இயலாது' என்னும் பொருள்தரும் சிங்களச் சொல்லின் இரட்டிப்பே இப்பெயர் என்பது பொதுவாகக் கூறப்படும் சொல்விளக்கமாகும். கால்கள் வீங்கி, மூச்சு முட்டி, இருதயம் விரைந்தடித்துத் திடீர் மரணம் நேரும் இந்நோயைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையில் பணியாற்றிய பிரித்தானிய இராணுவ வைத்தியர்கள் விரிவாக எழுதிவைத்தனர். இதனைக் கற்பிட்டிக்கே உரிய செய்தியாகக் கொள்ளாது, தீவின் காவற்படைகளின் பொது அனுபவமாகக் கொள்ளல் தகும். கெட்ட காற்று, ஈரம், களைப்பு என்பனவே அவர்கள் கண்ட காரணங்கள். 1890களில் யாவாவில் ஒல்லாந்த வைத்தியர் ஐக்மன், தீட்டிய அரிசியை உண்ட கோழிகள் இதனையொத்த நோயால் வீழ்வதைக் கண்ட பின்னரே உணவின்பால் கவனம் திரும்பிற்று. 1907 அளவில் மலாயாவில் பிராடன் என்னும் வைத்தியர், வெள்ளையரிசி உண்ட சீனத் தொழிலாளரை இந்நோய் வாட்ட, புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர் தப்பியமையை எடுத்துக்காட்டினார். நெல்லை அவிக்கையில் தவிட்டிலுள்ள தயமின் என்னும் விற்றமின் அரிசியினுட் சென்று தங்கிவிடுகின்றது. நூறாண்டு காலம் வைத்தியர் தேடிய விடை தமிழ்ப் பெண்களின் நெல்லவிக்கும் பானைக்குள் இருந்ததென்பது சுவையான முரண்.

உலர்வலயத்தின் நெஞ்சைப் பெரிதும் படபடக்க வைத்தது மலேரியாவே. உடல்வெப்பம் ஒரு பாகை சதமளவை உயருங்கால் நாடித்துடிப்பு நிமிடத்துக்குச் சுமார் 10 கூடும். காய்ச்சல் தணிந்த பின்னரும், செங்குருதிக் கலங்கள் அழிந்தமையால் விளையும் சோகை இருதயத்தை விரைந்தே உழைக்கச் செய்யும். 1934 இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. ஆறுகள் குட்டைகளாகி நுளம்பு பெருகிற்று. அதனால் எழுந்த கொள்ளைநோயில் 1935 முடிவதற்குள் ஏறக்குறைய 80,000 பேர் மாண்டனர். கேகாலை, குருநாகல் மாவட்டங்களின் அழிவே பெரிது. மலேரியா ஆண்டுதோறும் வந்துபோன உலர்வலயத்தோர் ஓரளவு எதிர்ப்புச்சக்தி பெற்றிருந்தனர். அதற்கு அவர்கள் கொடுத்த விலை வாழ்நாள் முழுவதும் வெளிறிய உடலும் வீங்கிய மண்ணீரலும். டி.டி.ரி. தெளிப்பின் பயனாக 1963 இல் நோயாளர் தொகை 17 ஆகக் குறைந்து, கண்காணிப்புத் தளர்ந்ததும் 1969 இல் ஐந்து இலட்சத்தைத் தாண்டியமை நிர்வாகவியல் மாணவரும் கற்கவேண்டிய பாடமாகும். 2016 இலேயே உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

மலேரியா மருந்தான கொயினாவுக்கும் இருதயத்துக்குமுள்ள உறவு விசித்திரமானது. 1912 இல் ஒல்லாந்த வணிகர் ஒருவர் இருதயநோய் அறிஞர் வெங்கபாக்கிடம் சென்று, தமது ஒழுங்கற்ற நெஞ்சடிப்பு கொயினா உட்கொண்டதும் நின்றுவிடுவதாகக் கூறினார். அறிஞர் நம்பவில்லை. வணிகரோ மறுநாட் காலையில் ஒழுங்கான நாடியுடன் திரும்பிவந்தார். இருதய ஒழுங்கீனத்துக்கான குயினிடின் என்னும் மருந்து இவ்வழியே பிறந்தது. இருதயத்தின் மின்னோட்டத்தைப் பதிவுசெய்யும் கருவியை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்து 1924 இல் நோபல் பரிசு பெற்ற ஐந்தோவனும் யாவாவிற் பிறந்த ஒல்லாந்தரே.

ஏனைய காரணங்களைச் சுருக்கமாகக் கூறலாம். கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பி மிகைப்படச் சுரந்தால் உடல் மெலிந்து, கை நடுங்கி, நெஞ்சு படபடக்கும். டப்ளின் நகர வைத்தியர் கிறேவ்ஸ் 1835 இல் இதனை விளக்கினார். மீனவர் கரைக்கே உரிய காரணம் ஒன்றும் உண்டு. சூரை போன்ற மீன்கள் வெயிலிற் கிடந்து பழுதடையின் அவற்றில் ஹிஸ்டமின் பெருகும். எவ்வளவு வேகவைத்தாலும் அது அழியாது. உண்ட சிறிது நேரத்தில் முகஞ்சிவந்து, தலையிடித்து, நெஞ்சடிப்பு விரையும். பெரும்பாலும் சில மணித்தியாலங்களில் தணியுமாயினும், மூச்சுத் திணறின் வைத்தியசாலையே தஞ்சம்.

இனி, போரின் கதைக்கு வருவோம். அமெரிக்க உள்நாட்டுப் போரிற் பங்குகொண்ட ஏறக்குறைய 300 போர்வீரரின் நெஞ்சுப் படபடப்பை ஆராய்ந்த டா கொஸ்தா என்னும் வைத்தியர் 1871 இல் அதனை 'எரிச்சலுற்ற இருதயம்' என வருணித்தார். முதலாம் உலகப் போரில் அது 'போர்வீரரின் இருதயம்' எனப்பட்டது. 1941 இல் போல் வூட் என்பார் இவர்களுட் பெரும்பாலோரின் நோய் மூலம் உள்ளத்தின் அச்சமே என வாதிட்டார். எழுபதாண்டுகளில் விளக்கம் இருதயத்திலிருந்து மனத்துக்கு இடம்பெயர்ந்தது. துடிப்பு மட்டும் மாறவில்லை.

கற்பிட்டிக் கரைக்கு அத்தகைய போர் 1990 ஒக்டோபர் இறுதியில் வந்தது, வந்தவர்கள் போர்வீரரல்லர். விடுதலைப் புலிகள் இயக்கத்தினர் வடமாகாணத்து முஸ்லிம்களை, ஏறக்குறைய 75,000 பேரை, அவர்தம் மண்ணிலிருந்து வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரத்தவருக்கு அளிக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னார்த் தீவினர் பலர் வள்ளங்களிலேறிக் கற்பிட்டியை அடைந்தனர். தம்மிடம் இருந்தது சிறிதாயினும் அதனைக் குடாநாட்டு மக்கள் அவர்களுடன் பகிர்ந்துகொண்டனர். பள்ளிவாசல்களிலும் பாடசாலைகளிலும் தொடங்கிய அவ்வாழ்வு ஓலைக்கொட்டில்களிலே பல்லாண்டு நீடித்தது. தமிழ் பேசும் மக்களுள் ஒரு பிரிவினருக்கு அதே மொழி பேசியோர் இழைத்த இக்கொடுமையைத் தமிழ் மாணவர் ஏடுகள் போதியளவு பேசவில்லை என்பதை இவ்விடத்துக் கூறாதொழிதல் நேர்மையாகாது.

புத்தளம் மாவட்டத்தில் தங்கிவிட்ட இம்மக்களிடையே செஸ்மால் சிறிவர்தனவும் அவர்தம் குழுவினரும் 2011 இல் நடத்திய ஆய்வொன்று 2013 இல் வெளிவந்தது. வளர்ந்தோர் 450 பேரை வினவியதில் 18.8 வீதத்தினரிடம் பொதுவான உளநலக் கோளாறுகளுள் யாதாயினும் ஒன்று காணப்பட்டது. அதிலும் கவனத்துக்குரியது, உள்ளத் துயர் உடல் அறிகுறிகளாக வெளிப்படும் நிலை 14.0 வீதத்தினரிடம் இருந்தமையாகும். அச்சக் கோளாறோ 1.3 வீதமே. அவ்வகை வினாக்கொத்தில் கேட்கப்படும் அறிகுறிகளுள் நெஞ்சு படபடத்தலும் ஒன்று. 'எனக்கு அச்சம்' என்று கூறாத மக்கள் 'எனக்கு நெஞ்சு படபடக்கிறது' என்று கூறுகின்றனர் எனக் கொள்வதற்கு இஃது இடந்தருகின்றது.

எனினும் இவ்விடத்திலேதான் எச்சரிக்கை வேண்டப்படுகின்றது. வினாக்கொத்து இருதயத்தைப் பரிசோதிப்பதில்லை. இடம்பெயர்ந்த பெண்ணொருத்தி படபடப்புடன் வந்தால் 'இது மனக்கவலை' என்று அனுப்பிவிடுவது எளிது. அவளுக்குச் சோகையோ, தைரொயிட் கோளாறோ, சிறுவயது வாதக்காய்ச்சலால் சுருங்கிய இருதய வால்வோ இருக்கக்கூடும். அமெரிக்காவில் 1997 இல் வெளிவந்த ஆய்வொன்று இதற்குத் தக்க சான்று. திடீரெனத் தொடங்கித் திடீரென நிற்கும் மின்னோட்டக் கோளாறுடைய 107 நோயாளருள் 67 வீதத்தினர் பீதிநோய்க்குரிய இலக்கணங்களுக்கும் பொருந்தினர். பாதிக்கு மேற்பட்டோரின் உண்மை நோய் முதற் பரிசோதனையில் அறியப்படவில்லை. மனத்தின்மேற் பழிபோடப்பட்டோருள் பெண்களே மிகுதி. டா கொஸ்தா மனத்தின் துயரை இருதயத்தில் ஏற்றினாரெனின், இக்கால வைத்தியர் சிலர் இருதயத்தின் நோயை மனத்தில் ஏற்றுகின்றனர்.

ஆதலின், எப்போது உதவி நாடுவது என்ற வினாவுக்குத் துடிப்பை மட்டும் கொண்டு விடை காணவியலாது. உடன் நிகழ்வனவற்றையே நோக்கவேண்டும். ஓட்டத்தின் பின்னோ, திடுக்கிட்டபோதோ, கடுஞ்சாயத் தேநீர் அருந்திய பின்னோ விரைந்து, சிறிது நேரத்தில் தானே தணியும் துடிப்பு பெரும்பாலும் இயல்பானது. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம், தன்னுணர்வு தடுமாறல் இவற்றுள் ஒன்றேனும் உடன் வரின் ஒரு கணமும் தாமதித்தலாகாது. ஓய்ந்திருந்தும் துடிப்பு 120 ஐத் தாண்டித் தணியாதிருப்பினும் அவ்வாறே. முன்னரே இருதயநோயுள்ளோர், கர்ப்பிணிகள், இளவயதில் திடீரென இறந்தோரைக் குடும்பத்திற் கொண்டோர் ஆகியோர் சிறு குறியையும் புறக்கணித்தலாகாது. மலேரியா நீங்கிய இக்காலத்தில் காய்ச்சலென்றால் டெங்குவை நினைக்கவேண்டும். காய்ச்சல் விட்ட பின்னர் நாடி மெலிந்து விரைந்து கைகால் குளிருமாயின் அது குணமன்று, ஆபத்து. மெலிவு, கைநடுக்கம், வெளிறல், மிகுந்த மாதவிடாய் என்பவற்றுடன் அடிக்கடி வரும் படபடப்பு அவசரமற்றதாயினும் கிளினிக்குக்குச் செல்லவேண்டியதே.

கண்டக்குழி மீனவருக்கு இவ்வறிவுரையின் பொருள் கொழும்பு வாசிக்குரியதன்று. கற்பிட்டி வைத்தியசாலையிலிருந்து புத்தளத்துக்கு 40 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பாதை. கடலில் நிற்பவருக்கு அதற்கும் முன் கரை சேரவேண்டும். 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் விரிந்த 'சுவசெரிய' நோயாளர் வண்டிச் சேவை கட்டணமின்றி வருகின்றது. அதன் தொலைபேசி இலக்கம் 1990; வடபுலத்து அகதிகளின் பிள்ளைகள் அவ்வெண்ணை மறப்பதற்கில்லை.

வைத்தியசாலையை அடைவதற்குள் துடிப்பு நின்றுவிடுவதும், எடுக்கப்படும் இருதய மின்வரைபு குறையின்றி அமைவதும் வழக்கம். அதனால் 'ஒன்றுமில்லை' என்று கேட்டுத் திரும்புவோர் பலர். துடிப்பு எவ்வாறு தொடங்கிற்று, சட்டென நின்றதா மெல்லத் தணிந்ததா, ஒழுங்காக அடித்ததா தடுமாறியதா, மணிக்கட்டில் விரல்வைத்து எண்ணியபோது நிமிடத்துக்கு எத்தனை என்பவற்றை உடனிருப்போர் குறித்துக்கொடுப்பது வைத்தியருக்குப் பேருதவியாகும். அதன்பின்னும் ஐயம் நீங்காவிடின், ஹோல்ற்றர் என்பார் 1961 இல் உலகுக்கு அறிவித்த முறைப்படி, உடலிற் கட்டி ஒருநாள் முழுவதும் துடிப்பைப் பதியும் கருவியைப் பெரிய வைத்தியசாலைகளிற் கேட்டுப் பெறலாம்.