எடைக்கல்லுக்குள் இருந்த சரக்கு

வானத்தில் ஒரு பொருள் எவ்வளவு ரேடியோ அலை வீசுகிறது என்று சொல்வதற்கு முன், அளவு தெரிந்த இன்னொன்றைப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். மளிகைக் கடைத் தராசில் எடைக்கல் செய்கிற வேலைதான். சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் 5,000 மீட்டர் உயரத்தில் 66 ஆன்டெனாக்களோடு நிற்கும் அல்மா தொலைநோக்கிக்கு வாய்த்த எடைக்கற்களில் ஒன்று, சனிக்கோளின் பெரிய நிலவான டைட்டன். எடைக்கல்லாக வைக்கப்படும் குவாசார்கள், அதாவது தொலைதூர விண்மீன் மண்டலங்களின் பிரகாசமான மையங்கள், இன்றைக்கு ஒரு பிரகாசம், நாளைக்கு ஒரு பிரகாசம் என்று ஆட்டம் காட்டும். டைட்டன் எவ்வளவு வீசும் என்பதை முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடலாம். அதனால் வேறு எதையோ பார்க்க வந்தவர்களும் நடுவே ஆன்டெனாக்களை இதன் பக்கம் திருப்பி, அளவு எடுத்துக்கொண்டு, தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். டைட்டன் பதிவு கிடங்கில் கிடக்கும்.

இந்த எடைக்கல்லில் ஒரு தொந்தரவு உண்டு. டைட்டனைச் சுற்றிக் கனத்த காற்று; பெரும்பகுதி நைட்ரஜன், கொஞ்சம் மீத்தேன். சூரியனின் புற ஊதாக் கதிர் பட்டு இரண்டும் உடைந்து, உடைந்த துண்டுகள் கண்டபடி ஒட்டிக்கொண்டு புதுப்புது மூலக்கூறுகள் ஆகின்றன. சுழலும் மூலக்கூறு ஒவ்வொன்றும் தனக்கே உரிய அலைவரிசைகளில் கோடு கோடாக அலை வீசும். அளவெடுப்பவருக்கு அந்தக் கோடுகள் இடைஞ்சல்.

நாசாவின் கோடார்ட் மையத்தில் இருந்த மொரீன் பால்மர் குழுவுக்கோ அந்த இடைஞ்சல்தான் வேண்டியிருந்தது. டைட்டனில் வினைல் சயனைடு என்ற மூலக்கூறு இருக்கலாம் என்ற சந்தேகத்தை முன்பே கிளப்பியது, சனியைச் சுற்றிவந்த காசினி விண்கலம். ஆனால் அதன் கருவி மூலக்கூறின் எடையைத்தான் சொல்லும். ஒரே எடையில் வேறு மூலக்கூறு இருந்தால் பிரித்துக் காட்டாது. ரேடியோக் கோடு மூலக்கூறின் உருவத்தையே காட்டிக்கொடுக்கும். 2014 பிப்ரவரி முதல் மே வரையிலான பழைய பதிவுகளை எடுத்து ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். 1.3 மில்லிமீட்டர் அலைநீளத்தை ஒட்டி, இருக்க வேண்டிய இடத்தில் மூன்று கோடுகள் எழுந்து நின்றன. 2017 ஜூலையில் செய்தி வெளியானது. டைட்டன் காற்றின் நூறு கோடி மூலக்கூறுகளில் வினைல் சயனைடு அதிகபட்சம் மூன்றுக்கும் குறைவு. அதுவும் பெரும்பாலும் தரையிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேலே. உயரம் எப்படித் தெரியும் என்றால், கோட்டின் அகலத்தை வைத்து. கீழே காற்றழுத்தம் அதிகம், மோதல் அதிகம், கோடு பரந்துவிடும். மேலே ஒல்லியாக நிற்கும்.

வினைல் சயனைடு நமக்கு ஒன்றும் அந்நியமில்லை. அக்ரிலிக் ஸ்வெட்டர் நூல் அதிலிருந்துதான் வருகிறது. டைட்டனில் அதன் மீது கண் விழுந்ததற்குக் காரணம் வேறு: மைனஸ் 179 டிகிரியில் கிடக்கும் மீத்தேன் ஏரிகளில் அது செல்லுறை போன்ற பைகளாகத் திரளக்கூடும் என்று கார்னெல் பல்கலைக்கழகத்தார் 2015-இல் கணினியில் கணக்கிட்டிருந்தார்கள். கணக்குதான், பையை இன்னும் யாரும் பார்க்கவில்லை.

கிடங்கு அதோடு காலியாகவில்லை. ஜப்பானின் ஈனோ குழு அதே மாதிரி அளவீட்டுப் பதிவுகளைத் துழாவி, அசிட்டோநைட்ரைல் என்ற மூலக்கூறில் கனமான நைட்ரஜனை, அதாவது நைட்ரஜனின் எடை கூடிய வகையை, தேடியது. ஹைட்ரஜன் சயனைடில் சுமார் 70-க்கு ஒன்று கனமானது. இதிலோ 125-க்கு ஒன்றுதான். புற ஊதாக் கதிர் உடைத்தால் கனமான நைட்ரஜன் கூடுதலாக வெளிவரும். இதில் அது குறைவு என்றால் இதற்கான நைட்ரஜனை உடைத்துக் கொடுத்தது புற ஊதாக் கதிர் மட்டுமல்ல, எங்கோ விண்மீன்வெளியிலிருந்து வந்து டைட்டனின் தாழ்வான காற்றுவரை இறங்கும் காஸ்மிக் கதிர்களும்தான் என்று 2020-இல் எழுதினார்கள்.