கருவறையின் தூது



வரலாறு என்றதும் மன்னரும் போர்களும் நம் நினைவில் எழுதல் இயல்பு. ஆயினும் ஒரு வினாவுக்கும் வரலாறு உண்டு. அத்தகைய வினா ஒன்றின் கதையையே இன்று கூற விழைகின்றேன்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், தீக்காயமுற்றோருக்குப் பிறருடைய தோலை ஒட்டினால் அது சில நாட்களில் அழிந்து உதிர்ந்தது. அயற்பொருளை விலக்கும் உடலின் நிர்ப்பீடன ஆற்றலே அதற்குக் காரணம் என்று நிறுவினார், இங்கிலாந்து அறிஞர் பீற்றர் மெடவார். 1953இல் அவர் வேறொரு வினாவை எழுப்பினார். கருவில் வளரும் குழவியின் இயல்பிற் பாதி தந்தைவழி வந்ததன்றோ? ஒட்டிய தோலை விலக்கும் உடல், கருவை மட்டும் ஏன் விலக்குவதில்லை?

அவரே மூன்று விடைகளை முன்வைத்தார்: தாயையும் சேயையும் ஒரு சுவர் பிரித்திருக்கலாம், சேயின் அயன்மை இன்னும் முதிராதிருக்கலாம், தாயின் எதிர்ப்பாற்றல் தளர்ந்திருக்கலாம். ஒருவரையொருவர் அறியாமையால் அமைதி நிலவுகின்றது என்பதே இவற்றின் சாரம்.

1957இல் இலண்டனைச் சேர்ந்த மில் ஹில் ஆய்வுகூடத்தில் ஐசாக்சு, லிண்டன்மன் என்னும் இருவர், வைரசுகளைத் தடுக்கும் பொருளொன்றைக் கண்டு அதற்கு இன்ரர்பெரோன் எனப் பெயரிட்டனர். நோய்க்கு எதிரான படைக்கலமென்றே அதனை உலகம் போற்றியது. ஆனால் 1987இல், நோயற்ற செம்மறியாட்டு முளையம் தன் வரவைத் தாய்க்கு அறிவிக்கச் சுரக்கும் புரதமும் இன்ரர்பெரோன் குடும்பத்தினதே எனத் தெரியவந்தது!

பன்றியின் கதை இன்னும் வியப்பானது. அதன் சூல்வித்தகம் கருப்பைச் சுவரை அரித்து உட்புகுவதில்லை. மேலே படிந்து நிற்கும். இடையே உள்ள படைகள் பல. தாயின் பிறபொருளெதிரிகள்கூட அவற்றைக் கடப்பதில்லை. பிறந்த குட்டி கடும்புப்பாலிலிருந்தே அவற்றைப் பெறுகின்றது. மெடவார் கூறிய சுவர் இங்கு மிக உறுதியாக நிற்கின்றது. எனினும் சுவரின் இருபுறமும் தூது நடக்கின்றது. ஏறத்தாழ 114 நாட் சூற்காலத்தின் பன்னிரண்டாம் நாளளவில், மணிபோன்ற முளையம் நூலாக நீள்கின்றது. அவ்வேளையில் அது இன்ரர்லியூக்கின் வகைப் புரதமொன்றையும், தொடர்ந்து காமா இன்ரர்பெரோனையும் சுரக்கின்றது. தாயின் நிர்ப்பீடனக் கலங்கள் அவ்விடம் வந்து சேர்கின்றன. கருப்பைச் சுவர் தன்னை மாற்றியமைக்கின்றது.

2018இல் ஆய்வாளர் முன்னைய புரதத்தின் மரபணுவைச் செயலிழக்கச் செய்தனர், முளையம் நீளவில்லை. 2021இல் காமா இன்ரர்பெரோனை நீக்கினர். முளையம் நீண்டதேனும் சூல் நிலைக்கவில்லை. பன்றிகளின் கருவிழப்பிற் பெரும்பகுதி முதல் மாதத்திலேயே நிகழ்வதால், வளர்ப்போருக்கும் இவ்வறிவு பயனுடையது.

மெடவாரின் விடைகள் போதாவாயின. வினாவோ இன்றும் வாழ்கின்றது. படைக்கலமென்று நாம் பெயரிட்டதைத் தாயும் சேயும் பேசும் மொழியாக இயற்கை வைத்திருந்தது. வகுப்பறையிலே விடை தவறிய மாணவனைக் கடிந்துகொள்ளுமுன், அவன் கேட்ட வினாவையும் சற்றே எண்ணிப் பார்ப்போமாக.