காற்று வீசாத கூடத்தில் மும்முறைத் தாண்டுதல்

ஒரு வீரர் 18 மீட்டர் தாண்டினார் என்று செய்தி வருகிறது. அதில் அவருடைய கால்கள் ஈட்டியது எவ்வளவு? முதுகுப்புறம் வீசிய காற்று கொடுத்தது எவ்வளவு? மும்முறைத் தாண்டுதலின் வரலாறு முழுவதும் இக்கேள்வி தொடர்ந்து வருகிறது. அதற்குத் தெளிவான விடை கிடைத்த இடம், கூரையின்கீழ் நடக்கும் உள்ளரங்கப் போட்டிகளே.

முதலில் போட்டியின் இயல்பைப் பார்ப்போம். வீரர் விநாடிக்கு 10 மீட்டரை நெருங்கும் வேகத்தில் ஓடிவந்து, பலகையில் ஒரு காலை ஊன்றி எழுகிறார். அதே காலில் இறங்குவது தத்தல். அடுத்து மறு காலில் இறங்குவது எட்டு. அந்தக் காலால் உந்தி மணற்குழியில் விழுவது தாண்டல். இடையிலே இருமுறை தரையில் இறங்கும்போது, அவரது உடல் எடையைப் போல் 10 மடங்கிற்கும் மேற்பட்ட விசை ஒற்றைக் காலைத் தாக்குகிறது. கால் தரையில் பதிந்திருக்கும் நேரமோ விநாடியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒவ்வோர் ஊன்றலிலும் வேகம் சிறிது குறைகிறது. அந்த இழப்பைக் குறைப்பதுதான் இக்கலையின் உயிர்நாடி. பின்காற்று வீசினால் ஓட்டத்தின் வேகமும் கூடுகிறது. மூன்று தாவல்களிலும் காற்றுத் தடை குறைகிறது.

காற்றின் அடர்த்தியும் இதே உதவியைச் செய்யக்கூடும். 1968-ஆம் ஆண்டு ஒலிம்பிக் நடந்த மெக்சிகோ நகரம், கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்குக் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அப்போட்டியில் மூன்று வீரர்கள் சேர்ந்து உலகச் சாதனையை ஐந்து முறை முறியடித்தனர். முடிவில் சோவியத் வீரர் விக்டர் சனேயெவ் 17.39 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். 1972-இல் அவரே கருங்கடற்கரை நகரான சுகுமியில் 17.44 மீட்டர் தாண்டினார். ஆனால் 1975-இல் பிரேசிலின் ஜோவோ கார்லோஸ் த ஒலிவேரா, அதே மெக்சிகோ நகரில் 17.89 மீட்டர் தாண்டி அச்சாதனையை ஒரே தாவலில் 45 சென்டிமீட்டர் உயர்த்திவிட்டார்.

பின்காற்று விநாடிக்கு 2 மீட்டருக்கு மேல் இருந்தால் சாதனையாக ஏற்கலாகாது என்பது விதி. 1988-இல் அமெரிக்காவின் வில்லி பாங்க்ஸ் 18.20 மீட்டர் தாண்டினார். காற்றின் வேகம் 5.2 மீட்டர், ஆகவே அது சாதனை ஆகவில்லை. 1995-இல் பிரிட்டனின் ஜோனதன் எட்வர்ட்ஸ் தாண்டிய 18.43 மீட்டருக்கும் அதே கதிதான். அதே ஆண்டு கோத்தன்பர்க் நகரில், 1.3 மீட்டர் பின்காற்றில் அவர் தாண்டிய 18.29 மீட்டர் உலகச் சாதனையாயிற்று. கால் நூற்றாண்டு கடந்தும் அதை எவரும் விஞ்சவில்லை. மறு ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில், மெல்லிய எதிர்க்காற்றில் 18.09 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார் அமெரிக்காவின் கென்னி ஹாரிசன். இவ்விரு தாவல்களில் எது பெரியது? அளவுநாடா ஒரு விடை சொல்கிறது. காற்றுமானி வேறொன்று சொல்கிறது.

உள்ளரங்கில் இந்த வழக்கு எழுவதில்லை. அங்குக் காற்று உதவுவதும் இல்லை, தடுப்பதும் இல்லை. அறிவியற் சோதனையில் ஒரு காரணியை மட்டும் நிலையாக வைத்துப் பிறவற்றை அளப்பதைப் போன்றது இது. முதல் உலக உள்ளரங்கப் போட்டிகள் 1985-இல் பாரிசில் நடந்தன. 1987 முதல் அவை உலக வாகையர் போட்டிகளாக நடைபெறலாயின.

1997-இல் கியூபாவின் அலியேசர் உருத்தியா, கூரையின்கீழ் 17.83 மீட்டர் தாண்டினார். 2004-இல் புடாபெஸ்ட் நகரில் நடந்த உலக உள்ளரங்க வாகையர் போட்டியில் சுவீடனின் கிறிஸ்டியன் ஓல்சன், ஒரு சென்டிமீட்டர் கூடாமலும் குறையாமலும் அதே அளவைத் தாண்டினார். இந்த 17.83 மேலும் ஆறு ஆண்டுகள் அசையாமல் நின்றது.

2010 மார்ச் 14 அன்று, தோகா நகரில் அதே வாகையர் போட்டி. கியூபாவின் யோவாந்திரி பெத்தான்சோஸ் 17.69 மீட்டர் தாண்டியிருந்தார். பிரான்சின் 20 வயது இளைஞர் டெடி தம்கோவிற்குக் கடைசி வாய்ப்பு மட்டுமே எஞ்சியிருந்தது. அதில் அவர் தாண்டியது 17.90 மீட்டர்! தோகா கடற்கரை நகரம். உயரத்தின் சலுகையும் இல்லை, காற்றின் சலுகையும் இல்லை. மெக்சிகோவின் மெல்லிய காற்றில் பிறந்த 17.89-ஐ அவர் தம் கால்களாலேயே விஞ்சினார். மறு ஆண்டு இச்சாதனையை 17.92 ஆக்கினார்.

ஆனால் அந்தக் கால்கள் விலையும் கொடுத்தன. 2011 ஜூலையில் தம்கோவின் கணுக்கால் முறிந்தது. 2012 ஒலிம்பிக் வாய்ப்பு கைநழுவியது. 2013-இல் மீண்டு வந்து, மாஸ்கோவில் 18.04 மீட்டர் தாண்டி உலக வாகையரானார். பின்னர்ப் பயிற்சியாளராகி, மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்க்கினா பாசோவின் ஹியூக் ஃபாப்ரிஸ் சாங்கோவை உருவாக்கினார். சாங்கோ 2021 ஜனவரியில் பிரான்சின் ஒபியேர் நகர உள்ளரங்கில் 18.07 மீட்டர் தாண்டினார். ஆசிரியரின் சாதனையை மாணவர் 15 சென்டிமீட்டர் கடந்தார். கூரையின்கீழ் 18 மீட்டரைக் கடந்த முதல் மனிதர் அவரே.

எட்வர்ட்ஸின் 18.29-க்கும் சாங்கோவின் 18.07-க்கும் இடையே 22 சென்டிமீட்டர் உள்ளது. அத்தனையும் காற்றின் கொடை என்று கூறிவிட முடியாது; எட்வர்ட்ஸின் வேகமும் ஊன்றலின் நயமும் அதில் உண்டு. ஆனால் 18.07-ஐப் பொறுத்தவரை அந்த ஐயமே எழாது. அதன் ஒவ்வொரு சென்டிமீட்டரும் ஒரு மனிதன் தன் தசையாலும் எலும்பாலும் பயிற்சியாலும் ஈட்டியது.