தவிட்டுக்காக நெல் அரைத்த கதை

போன மாதம் காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்பில் பை-ப்ராடக்ட் பாடம் நடந்தது. சார் அரிசி ஆலையை உதாரணமாக எடுத்துக்கொண்டார். நெல்லை அரைப்பது அரிசிக்காக. தவிடு தானாக வருவது. அதை விற்று நாலு காசு வந்தால் அரிசியின் செலவில் கழித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். "தவிட்டுக்காக எவனாவது நெல் அரைப்பானா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார்.

கடைசி பெஞ்சில் எனக்கு ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. அரைத்திருக்கிறார்கள் சார்! 2011ல், ஃபார்முலா ஒன்னில். அங்கே நெல் பெட்ரோல், அரிசி எஞ்சின் சக்தி, தவிடு புகை.

(காமர்ஸ் பையனுக்கு ரேஸ் கார் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: கணக்கு எங்கே இருக்கிறதோ அங்கே நாங்களும் இருப்போம். மெக்கானிக்கல் நண்பர்கள் தப்பு கண்டுபிடித்தால் மெதுவாகத் திட்டவும்.)

முதலில் கொஞ்சம் அடிப்படை. நம்மூரில் சைலன்சர் என்று சொல்கிறோமே, அந்தப் புகைக்குழாய் சாதாரண காரில் எங்கே முடிகிறது என்று யாரும் கவலைப்படுவதில்லை. பின்னால் வருகிறவன் முகத்தில் அடிக்கும், அவன் திட்டுவான். ரேஸ் காரில் அப்படி இல்லை. அங்கே வளைவில் வேகமாகத் திரும்புவதுதான் முக்கியம். அதற்கு காரைத் தரையோடு அழுத்திப் பிடிக்கும் விசை வேண்டும். டவுன்ஃபோர்ஸ் என்பார்கள். மேலே இருக்கிற இறக்கைகள் ஒரு பங்கு தரும். ஆனால் பெரிய சொத்து காருக்கு அடியில் இருக்கிறது. தரைக்கும் காரின் அடித்தட்டுக்கும் நடுவில் உள்ள சின்ன இடைவெளியில் காற்று வேகமாக ஓடும். வேகமாக ஓடுகிற காற்றில் அழுத்தம் குறையும். கார் தரையை நோக்கி உறிஞ்சப்படும். பின்பக்கம் அடித்தட்டு மேல்நோக்கி விரிகிற பகுதிக்கு டிஃப்யூசர் என்று பெயர். காற்றைப் பின்னால் இழுத்து வெளியே விடுவது அதன் வேலை.

இப்போது எஞ்சினிலிருந்து படு சூடாக, படு வேகமாக வாயு வெளியே வருகிறது. அதைச் சும்மா விடாமல் டிஃப்யூசருக்குள் ஊதிவிட்டால்? அடியில் ஓடும் காற்று இன்னும் வேகமாகும். இலவச டவுன்ஃபோர்ஸ்!

இதை முதலில் செய்து காட்டியது 1983ல் ரெனோ அணி. அந்த வருடம்தான் கார்களின் அடித்தட்டு தட்டையாக இருக்க வேண்டும் என்று விதி வந்தது. அதனால் போன டவுன்ஃபோர்ஸை எங்கிருந்தாவது மீட்டாக வேண்டிய கட்டாயம். ஆர்.இ.40 என்ற காரில் புகையை டிஃப்யூசருக்குள் திருப்பினார்கள். அலென் ப்ராஸ்ட் அந்தக் காரில் சாம்பியன் பட்டத்தை இரண்டே புள்ளிகளில் கோட்டை விட்டார்.

நல்ல யோசனைதான். ஆனால் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. டிரைவர் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால்தான் புகை வரும். வளைவுக்குள் நுழையும்போது காலை எடுத்துவிடுவார். பிடிப்பு மிக அவசியமான அந்த நொடியில் புகை நின்றுவிடும், அதோடு டவுன்ஃபோர்ஸும் போய்விடும். கார் ஒரு நேரம் ஒரு மாதிரி நடந்துகொண்டால் எந்த டிரைவர் நம்பி ஓட்டுவார்? 1998ல் ஃபெராரி குழாயை மேல்பக்கம் திருப்பி வைத்தது. அடுத்த சில வருடங்களில் மற்றவர்களும் அதே வழிக்கு வந்தார்கள். தவிட்டை மறுபடி குப்பையில் கொட்ட ஆரம்பித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2010க்கு வருவோம். ரெட் புல் அணியின் வடிவமைப்பாளர் ஏட்ரியன் நியூவி குழாயை மறுபடி கீழே கொண்டுவந்தார். இதில் ரசிக்கத்தக்க ஒரு திருட்டுத்தனம் உண்டு. சீசனுக்கு முந்தைய சோதனை ஓட்டத்தில் மற்ற அணிகள் பார்த்துவிடக் கூடாதென்று, வழக்கமாக குழாய் இருக்கும் இடத்தில் குழாய் மாதிரியே ஸ்டிக்கர் ஒட்டி வைத்தார்கள்! கோடிக்கணக்கில் செலவு செய்கிற விளையாட்டில், பரீட்சை ஹாலில் விடைத்தாளைக் கையால் மறைக்கிற வேலை. ஜூனில் வலென்சியா பந்தயம் வருவதற்குள் ஃபெராரி, மெர்சிடிஸ், ரெனோ எல்லோரும் பார்த்து எழுதிவிட்டார்கள் என்பது வேறு விஷயம். அந்த வருடம் 19 பந்தயங்களில் 15ல் முதலிடத்திலிருந்து புறப்பட்டது ரெட் புல்தான்.

பழைய ஓட்டை என்ன ஆயிற்று? அதை அடைத்த விதத்தில்தான் நம் கதை ஆரம்பிக்கிறது. 1983ல் இல்லாத ஒன்று இப்போது இருந்தது: எஞ்சினை முழுக்க ஆளும் கம்ப்யூட்டர். டிரைவர் காலை எடுத்தாலும் எஞ்சினின் காற்று வாயிலை மூடாதே என்று அதற்குச் சொல்லிவிடலாம். பெட்ரோல் கலக்காமல் வெறும் காற்றை மட்டும் எஞ்சின் வழியாகத் தள்ளுவது ஒரு வகை, அதற்குக் குளிர் ஊதல் என்று பெயர். இன்னொரு வகை சூடான ஊதல். டிரைவர் காலை எடுத்த பிறகும் கொஞ்சம் பெட்ரோலைத் தெளித்து, நெருப்புப் பொறியை வேண்டுமென்றே தாமதமாக வைத்து, அது எரிந்துகொண்டே குழாய்க்குள் போகும்படி செய்வது. சக்கரத்துக்கு அந்தப் பெட்ரோலால் ஒரு பயனும் இல்லை. பிரேக் போடுகிற காருக்கு எதற்கு சக்தி? அந்தப் பெட்ரோல் எரிந்தது புகைக்காக மட்டும்.

2011 பந்தயங்களின் பழைய வீடியோ கிடைத்தால் சத்தத்தைக் கூட்டிவைத்துக் கேளுங்கள். வளைவில் கார் வேகம் குறைக்கும்போது, மூச்சுக்குழாயில் கோழை அடைத்த மாதிரி ஒரு கரகரப்பு வரும். அதுதான் தவிடு அரைக்கிற சத்தம்.

இங்கே எரிபொருள் கணக்கைப் பார்த்தே ஆக வேண்டும். 2010லிருந்து பந்தயத்தின் நடுவில் பெட்ரோல் நிரப்பத் தடை. மொத்த பெட்ரோலையும் முதல் சுற்றிலிருந்தே சுமந்துகொண்டு ஓட வேண்டும். ஃபார்முலா ஒன்னில் ஒரு தோராயக் கணக்கு சொல்வார்கள்: 10 கிலோ கூடுதல் எடை என்றால் ஒரு சுற்றுக்கு சுமார் 0.3 நொடி நஷ்டம். ஆகவே புகைக்காக எரிக்கிற ஒவ்வொரு கிலோவுக்கும் இரண்டு முறை விலை கொடுக்கிறோம். எரிப்பது ஒன்று, அதுவரை சுமப்பது இன்னொன்று. இவ்வளவுக்கும் பிறகு லாபம் நின்றது! வளைவுகளில் மிச்சமாகும் நேரம் சுமையால் போகும் நேரத்தைவிட அதிகம். தகுதிச் சுற்றில் இன்னும் வசதி. ஒரே ஒரு வேகச் சுற்றுக்குப் பெட்ரோல் போட்டால் போதும், எஞ்சினும் சில நிமிடங்கள்தான் அந்தக் கொடுமையைத் தாங்க வேண்டும். அதனால் முழு ஊதலை அங்கே வைத்துக்கொண்டு, பந்தயத்தில் குறைத்துக்கொண்டார்கள். 2011ல் 19 பந்தயங்களில் 18 முறை ரெட் புல் முதலிடத்தில் நின்றது இந்தச் சிக்கன புத்தியால் என்றுதான் நான் சொல்வேன்.

மற்றவர்களும் சும்மா இருக்கவில்லை. மெக்லாரன் ஏகப்பட்ட வளைவு நெளிவோடு ஒரு குழாய் செய்து, சோதனை ஓட்டம் பூராவும் அது உடைந்துகொண்டே இருக்க, முதல் பந்தயத்துக்கு முன் தூக்கிப் போட்டுவிட்டு ரெட் புல் பாணிக்கு மாறியது. ரெனோ பெயரில் ஓடிய அணி குழாயைக் காரின் முன்பக்கம், பக்கவாட்டுப் பெட்டிகள் தொடங்கும் இடத்திலேயே திறந்துவிட்டது. முதல் இரண்டு பந்தயங்களிலும் மூன்றாமிடம் கிடைத்தது. பிறகு ஸ்பெயின் பயிற்சியில் ஒரு முறை, ஹங்கேரி பந்தயத்தில் ஒரு முறை, நிக் ஹைட்ஃபெல்டின் கார் தீப்பிடித்தது.

நடுவில் விதிகளைக் காக்கும் எஃப்.ஐ.ஏ. விழித்துக்கொண்டது. டிரைவர் அசைக்கக்கூடிய எந்தப் பொருளும் காற்றோட்டத்தை மாற்றக் கூடாது என்பது பழைய விதி. டிரைவர் காலை எடுத்த பிறகும் எஞ்சின் ஊதினால், எஞ்சினே ஒரு காற்றோட்டக் கருவி ஆகிவிட்டதே என்றார்கள். நியாயமான கேள்வி. 1978ல் பிரபாம் அணி காரின் பின்னால் பெரிய மின்விசிறி மாட்டி, "எஞ்சினைக் குளிர்விக்கத்தான்" என்று சொன்னது. நிக்கி லௌடா அதில் ஸ்வீடன் பந்தயத்தை அரை நிமிடத்துக்கும் மேலான வித்தியாசத்தில் வென்றார். அடியிலிருக்கும் காற்றை அந்த விசிறி உறிஞ்சுகிறது என்பது ஊருக்கே தெரியும். அந்தக் கார் மறுபடி பந்தயத்துக்கு வரவில்லை.

2011லும் அதே பல்லவி. ஜூலை 10 அன்று சில்வர்ஸ்டோன் பந்தயம். காலை எடுத்தால் காற்று வாயில் 10 சதவீதத்துக்கு மேல் திறந்திருக்கக் கூடாது என்று அறிவித்தார்கள். வால்வுகள் சூட்டில் போய்விடும், குளிர்விக்கக் கொஞ்சம் திறந்து வைத்தே ஆக வேண்டும் என்றது ரெனோ எஞ்சின் தரப்பு. மெர்சிடிஸ் தரப்புக்கு வேறொரு சலுகை. வெள்ளிக்கிழமை ஒரு விதி, சனிக்கிழமை இன்னொரு விதி. பத்திரிகையாளர் சந்திப்பில் ரெட் புல்லின் ஹார்னரும் மெக்லாரனின் விட்மார்ஷும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே சண்டை போட்டார்கள். (நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயனின் இடத்தை ஹெச்.ஆர்.டி. அணி டேனியல் ரிக்கார்டோ என்ற புதுப் பையனுக்குக் கொடுத்ததும் இதே பந்தயத்தில்தான். பையன் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

தடையோடு நடந்த பந்தயத்தில் ஃபெராரியின் அலோன்சோ வென்றார். அந்த வருடம் ஃபெராரிக்குக் கிடைத்த ஒரே வெற்றி அது. ஆனாலும் தகுதிச் சுற்றில் முதலிடம் ரெட் புல்லின் வெப்பருக்குத்தான்! அடுத்த பந்தயத்துக்குள் அணிகள் சம்மதிக்க, தடை வாபஸ். எஃப்.ஐ.ஏ. கேட்டது சரியான கேள்வி, கேட்ட நேரம்தான் படு தப்பு. வரவு செலவை முடிக்கிற நேரத்தில் வரி விதியை மாற்றினால் எந்த வியாபாரி ஒத்துக்கொள்வான்?

2012ல் குழாயின் முனை மேலே, மேல்நோக்கித்தான் இருக்க வேண்டும் என்று விதி வந்தது. அதையும் சமாளித்தார்கள். வளைந்த பரப்பை ஒட்டியே வாயு ஓடும் என்ற கோண்டா விளைவைப் பிடித்துக்கொண்டு, மேலே விட்ட புகையைக் காரின் உடம்பு வழியாகவே கீழே டிஃப்யூசர் ஓரத்துக்கு வழுக்கிக் கொண்டுபோனார்கள். 2013ல் வெட்டல் தொடர்ந்து ஒன்பது பந்தயங்கள் வென்றது அப்படிப்பட்ட காரில்.

2014ல்தான் உண்மையான முற்றுப்புள்ளி. ஒரே ஒரு குழாய், காரின் நடுவில், பின்னால். ஒரு பந்தயத்துக்கு 100 கிலோ பெட்ரோல்தான், மணிக்கு 100 கிலோவுக்கு மேல் எஞ்சினுக்குள் பாயவும் கூடாது. அதற்கு முன் சுமார் 150 கிலோ எரித்துக்கொண்டிருந்தவர்கள்! இப்போது எவன் புகைக்காக எரிப்பான்? அந்தப் புகையின் வழியில் டர்போவை வைத்து, அதோடு எம்.ஜி.யு-ஹெச் என்ற ஜெனரேட்டரை இணைத்து, வீணாகப் போகும் சக்தியை மின்சாரமாக்கினார்கள். தவிட்டிலிருந்து எண்ணெய் எடுக்கிற மாதிரி. 2017ல் மெர்சிடிஸ், தன் எஞ்சின் பெட்ரோலின் சக்தியில் பாதிக்கு மேல் பயனாக்கிவிட்டதாகச் சோதனைக்கூடத்திலிருந்து அறிவித்தது.

எனக்கு இதில் மனசு நிற்பது வெட்டலிடம். கார் பின்னால் வழுக்கும்போது மனிதனுக்கு இயல்பாக வருவது காலை எடுப்பது. ஊதும் டிஃப்யூசர் காரில் எடுக்கக் கூடாது, நம்பி அழுத்த வேண்டும், அழுத்தினால்தான் பிடிப்பு வரும். அந்த விசித்திரமான பழக்கத்தை அவர் மாதிரி கற்றவர் யாருமில்லை. நான்கு முறை சாம்பியன். புகை நின்ற 2014ல் ஒரு வெற்றிகூட இல்லை. அதே அணியில் அவர் பக்கத்தில் வந்து சேர்ந்து மூன்று பந்தயங்கள் வென்றவர், மேலே சொன்ன அந்தப் பையன் ரிக்கார்டோ.

அவருக்கும் ஒரு அடி விழுந்தது. 2014ன் முதல் பந்தயம், சொந்த ஊரான ஆஸ்திரேலியா. இரண்டாவதாக வந்து மேடையேறினார். சில மணி நேரம் கழித்துத் தகுதிநீக்கம். காரணம், அனுமதித்த அளவைவிட வேகமாகப் பெட்ரோல் எஞ்சினுக்குள் பாய்ந்ததாம். மேல்முறையீடும் தோற்றது. மூன்று வருடம் முன்பு பிரேக் போடும்போதுகூட பெட்ரோலை ஊற்றிக்கொண்டிருந்த அதே ரெட் புல் அணி.

அந்த எம்.ஜி.யு-ஹெச்சும் இப்போது இல்லை. ரொம்பச் சிக்கல், செலவு அதிகம், புதிய நிறுவனங்கள் உள்ளே வரத் தயங்குகின்றன என்று 2026 விதிகளில் எடுத்துவிட்டார்கள். காஸ்ட் அக்கவுண்டிங் சாரிடம் இதைச் சொன்னேன். அடுத்த டெஸ்டில் கேள்வியாகக் கேட்கிறேன் என்றார்.